தண்ணீர் வந்த வழி

பழைய கார் ஒன்று பட்டறைக்குள் வந்து நின்றதும் எல்லோரும் பானட் பக்கம் போவார்கள். இன்ஜின் ஓடுமா, கியர் விழுமா என்றுதான் முதல் கேள்வி. டிங்கருக்கு அந்த அவசரம் கிடையாது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கிவிட்டு, அதன் அடியில் இருக்கும் சணல் விரிப்பைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். விரலில் ஈரம் ஒட்டினால் அந்த வண்டியின் கதை பாதி தெரிந்துவிடும். ஓடாத இன்ஜினை ஓடவைக்க ஆள் உண்டு, பொருளும் கிடைக்கும். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பொறுமையாகத் தேடினால் எந்தப் பழைய வண்டிக்கும் ஏதாவது ஒன்று அகப்படும். ஆனால் தரை அரித்துப்போன வண்டிக்குத் தரை எந்தக் கடையிலும் இல்லை. தகடு வாங்கி வந்து நாமேதான் செய்தாக வேண்டும்.

சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் டிங்கரிங் செய்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். துருவை வெட்டி எடுப்பது பாதி வேலைதான். அந்த இடத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, வந்த தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை என்று தெரியாமல் கட்டரைக் கையில் எடுக்கக் கூடாது. தெரியாமல் ஒட்டிய புதுத் தகடு பழைய தகட்டைவிடச் சீக்கிரம் போகும். பழையதற்கு உள்பக்கமும் கம்பெனி பெயிண்ட் இருந்தது. நாம் ஒட்டியதன் உள்பக்கம் வெல்டிங் சூட்டில் பெயிண்ட் கருகி வெறும் இரும்பாகக் கிடக்கும்.

திருவான்மியூரிலிருந்து வந்த ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்தே இதைச் சொல்லலாம். அறுபதுகளின் வண்டி, இரண்டு கதவு. நம் ஊர் டிங்கர்களுக்கு ஹெரால்டு மேல் தனிப் பிரியம் உண்டு. வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி அது. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்ததும் இதுதான். வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. கார்கள் எல்லாம் சேஸிஸையும் பாடியையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் பாடியை வைத்து போல்ட் போட்டு வந்தது. அதைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதுதான் காரணம். முழுப் பாடியை அடித்துத் தர ஆள் இல்லாததால், சிறு சிறு பாகங்களாகப் பல இடங்களில் செய்து வாங்கிப் பூட்ட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியின் பலன் இன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கிறது. பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். கூரை தனியாகக் கழலும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனலும் போல்டில்தான் நிற்கிறது. ஃபியட்டிலோ அம்பாசடரிலோ சில் பேனல்தான் வண்டியின் கனத்தைச் சுமக்கிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் கதவு மறுபடி மூடாது. ஹெரால்டில் அந்தச் சுமை சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் பெட்டிக் கைகள் மேல் இருக்கிறது. அவுட்ரிகர் என்போம். துருவுக்கும் அதுதான் பிடித்த இடம்.

ஆனால் துண்டு துண்டாக இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. எத்தனை இணைப்போ, தண்ணீர் நுழைய அத்தனை வழி.

வண்டிக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா வாங்கிய வண்டி. மேலே பார்த்தால் பெயிண்ட் மங்கி, ஹெட்லைட்டைச் சுற்றிக் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு நெடுக இழுத்தேன். பாதி தூரம் பிடித்தது, அப்புறம் நழுவியது. நழுவிய இடமெல்லாம் பட்டி. வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவர் பிடியால் அவுட்ரிகரைத் தட்டினேன். நல்ல இரும்பு 'ணங்' என்று பதில் சொல்லும். இது 'பொத்'தென்றது. முனையால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது.

"மாஸ்டர், இந்த வண்டி மழையிலயே நின்னதில்ல. இருபது வருஷமா கவர் போட்டு ஷெட்டுக்குள்ளதான் நிக்குது" என்றார்.

"தினம் தொடைக்கிறாங்களா சார்?"

"தொடைக்கிறதா? வாட்ச்மேன் தினமும் கழுவியே விட்டுருவார்."

"எந்தத் தண்ணில?"

"போர் தண்ணிதான்."

கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் மூக்கிலேயே வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தத் தண்ணீரைத் தினமும் வாளியில் மோந்து கண்ணாடி மேல் ஊற்றி, ஈரம் காயுமுன் கவரைப் போட்டு மூடியிருக்கிறார்கள். கடற்காற்று செய்வதைவிட இது பெரிய சேதம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதே இரும்புக்குள் நடக்கும் ஒரு சிறு மின்னோட்டம் என்பதால் உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். அதோடு, தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது. தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கைக்குக் காய்ந்ததாகத் தெரிகிற இடம் இரும்புக்கு ஈரமாகவே இருக்கும்.

எங்கே நுழைந்தது என்று பார்க்க நான் செய்வது எளிமையான வேலை. மேட், சணல் விரிப்பு, சீட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உள்பக்கம் முழுக்கத் துடைத்துக் காயவைத்து, இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டிலும் தரையிலும் கோலமாவைத் தூவிவிடுவேன். அப்புறம் வெளியே ஒருவர் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக ஊற்ற வேண்டும். முதலில் கதவின் கீழே, அடுத்து கீல் பக்கம், கடைசியாகத்தான் கண்ணாடி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது. உள்ளே நான் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பேன். ஹெரால்டில் கதவுப் பக்கம் ஊற்றியபோது ஒன்றும் இல்லை. முன்கண்ணாடியின் இடது மூலையில் ஊற்றிய சில நொடியில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து மாவில் ஒரு கோடு இறங்கியது. ஃபயர்வால் வழியாக வளைந்து, பாட்டரித் தட்டின் பின்பக்கத்தை உரசி, கால் வைக்கும் பள்ளத்தின் மூலையில் போய் நின்றது. அந்த மூலையில்தான் தரை சல்லடையாக இருந்தது. கண்ணாடி பீடிங் காய்ந்து வெடித்து, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. பள்ளத்தின் வடிகால் துளையை யாரோ தாரால் அடைத்திருந்தார்கள்.

அந்தத் தாரைச் சுரண்டியபோது கீழே ஒரு தகடு வந்தது. அதைப் பெயர்த்தால் அதற்குக் கீழே இன்னொரு தகடு, பித்தளைக் கம்பியால் பிரேஸ் செய்தது. அதற்கும் கீழேதான் கம்பெனி போட்ட தரை, கையில் எடுத்தால் அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஓட்டை மேல் ஒட்டு வைப்பது அவசரத்துக்கு உதவும். ஆனால் இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று படியும்போது நடுவில் ஒரு மயிரிழைச் சந்து உண்டாகிறது. தண்ணீர் அதற்குள் தானாக ஏறிக்கொள்ளும், வெளியே வராது. உள்ளே உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் தகட்டை நெம்பிக்கொள்ளும். ஸ்பாட் வெல்டிங்கையே பிளந்துவிடும் பலம் அதற்கு உண்டு. பித்தளை போட்டால் இன்னொரு சங்கடம். வெண்காரத்தைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் மிச்சமிருப்பது இரும்பை அரிக்கும். பித்தளை ஊறிய விளிம்பில் அப்புறம் மிக் வெல்டிங்கும் பிடிக்காது. அந்த விளிம்பு முழுவதையும் வெட்டிப் போட வேண்டும்.

இங்கே வெள்ளத்தில் முங்கிய வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் நின்ற எத்தனையோ கார்கள் கூரை வரை மூழ்கின. வெளியே கழுவி, சீட் மாற்றி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ஓட்டினார்கள். பெட்டி போன்ற பாகங்களுக்குள் போய்ப் படிந்த வண்டலை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. வருஷங்கள் கழித்து அந்த வண்டிகள் என்னிடம் வந்தபோது, சில் பேனலை அறுத்தால் உள்ளே களிமண் இன்னும் ஈரமாக இருந்தது. வண்டி முங்கிய அந்த வாரமே ரப்பர் அடைப்பான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு நல்ல தண்ணீரால் தெளிவாக வரும்வரை அலசியிருந்தால் பாதி வண்டிகள் பிழைத்திருக்கும். மிச்சாங் புயலுக்குப் பிறகு கேட்ட எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஹெரால்டைப் பிரிக்குமுன் கதவு இடுக்குகளை அளந்து, கதவிலேயே சாக்பீஸால் எழுதினோம். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்திருந்த ஷிம்களை, எந்த இடம், எத்தனை என்று எழுதித் தனித்தனிக் கவரில் போட்டோம். ஹெரால்டில் கதவு நேராக மூடுவதும் மூடாததும் அந்த மெல்லிய தகடுகள் கையில்தான் இருக்கிறது. பிறகு கதவுச் சட்டத்துக்குள் இரும்புக் குழாயைக் குறுக்காக வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம். அவுட்ரிகர்களை ஒரே நேரத்தில் எல்லாம் கழற்றுவதில்லை. ஒன்றை வெட்டி, புதியதை அளந்து பொருத்தி, பற்றவைத்து ஆறவிட்ட பிறகே அடுத்தது.

எவ்வளவு வெட்டுவது? தொழிலில் கை பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் வித்தியாசம் இங்கேதான். சிவப்பாகத் தெரிகிற எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மனசு ஒப்பாத வேலை. அந்தத் தகடு கம்பெனி அச்சில் அடித்து வந்தது. அதன் வளைவும் விளிம்பும் கையால் அப்படியே வராது. முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பளபளப்பு ஏமாற்றும். நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை குழிகள். அடியில் துரு உயிரோடு இருக்கிறது. கூரான பஞ்ச் முனையால் லேசாகத் தட்டினால், ஆழமில்லாத குழி தாங்கும், ஆழமானது ஓட்டையாகும். தாங்குவதை வைத்துக்கொள்வேன். ஓட்டையான இடத்திலிருந்து நல்ல இரும்புக்குள் இரண்டு விரல் அகலம் தள்ளிக் கோடு போட்டு, மூலைகளை வளைவாக வெட்டுவேன். சதுர மூலையில் சூடு தங்கித் தகடு நெளியும்.

வைத்துக்கொண்ட இரும்பை முதலில் தண்ணீரால் கழுவ வேண்டும் என்றால் பையன்கள் சிரிப்பார்கள். துருவைத் தண்ணீரால் கழுவுவதா? ஆம், குழிக்குள் இருக்கும் உப்பு எமரி பேப்பருக்கு வராது, தண்ணீருக்குத்தான் வரும். மெட்ரோ தண்ணீரைச் சுடவைத்து, நைலான் பிரஷ் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, உடனே ஹீட் கன் பிடித்துக் காயவைக்க வேண்டும். பட்டறையின் போர் தண்ணீரை அந்த வேலைக்குத் தொடவிட மாட்டேன்.

அதன் பிறகுதான் துருமாற்றித் திரவம். இதில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கலந்தது நீலக்கறுப்பாக மாற்றும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துப்போகிறதே, அந்தக் காலத்தில் மையும் துணிச்சாயமும் செய்த அதே வேதியியல்தான் அது. மெல்லிய துரு மேல் இது நன்றாக வேலை செய்யும். செதில் செதிலாக இருப்பதன் மேல் அடித்தால் மேல்தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் மாறாது. ஹெரால்டில் கை நுழையாத சேஸிஸ் பெட்டிகளுக்குள் டானின் வகையையே அடித்தேன். இணைப்புச் சந்துகளில் அமிலம் தங்கிவிட்டால் அது வேறு வழியில் அரிக்க ஆரம்பிக்கும்.

கீல், பானட் கொக்கி போன்ற சின்னப் பாகங்களுக்கு பிளாஸ்டிக் டிரம்மில் சலவைச் சோடாத் தண்ணீரும் பாட்டரி சார்ஜரும் போதும். பாகத்தை நெகட்டிவிலும் வேண்டாத இரும்புத் துண்டை பாசிட்டிவிலும் மாட்டித் தொங்கவிட்டால் மறுநாள் துரு சேறாகக் கழன்றிருக்கும். பாசிட்டிவில் எவர்சில்வர் போடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீரை விஷமாக்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் வராத இடத்தில் வைக்க வேண்டும்.

தகடு வெட்ட என் அளவு அட்டை தினசரிக் காலண்டரின் பின்அட்டைதான். சரியான விறைப்பு, மடித்தால் மடிப்பு நிற்கும். கால் பள்ளத்தின் வடிவத்தை அதில் எடுத்து, 20 கேஜ் சி.ஆர். தகட்டில் வரைந்து வெட்டி, மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் குழிவைத்தேன். தரையில் நீளமாக ஓடும் வரிப்பள்ளங்களை, மரக்கட்டையில் காடி எடுத்து அதில் வைத்து இறக்கினேன். அவை அழகுக்கு இல்லை. மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தருவதே அவைதான். ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காது என்று சிலர் அதையே போடுவார்கள். வெல்டிங் சூட்டில் அதன் மேல்பூச்சான துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதை இழுத்தவருக்குச் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை நுரையீரலுக்குப் போகிறது, பால் வயிற்றுக்குப் போகிறது. என் பட்டறையில் ஜி.ஐ. தகட்டைப் பற்றவைக்க விடுவதில்லை.

தகட்டை ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துத்தான் பற்றவைத்தோம், மேலே ஏற்றவில்லை. மிக் வெல்டிங்கில் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்மூலையில், தகடு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் மூன்றாவது. என் மாஸ்டர் இதே வேலையைக் கேஸ் வெல்டிங்கில் செய்வார். உருகிய கோடு சிவப்பு மாறுமுன் அடியில் டாலி இரும்பைக் கொடுத்து மேலே சுத்தியால் தட்டி, நெளிவை அப்போதே எடுத்துவிடுவார். பின்னால் தேய்க்கக்கூட மிச்சம் இருக்காது. அந்தக் கை இன்று சென்னையில் வெகுசிலருக்குத்தான் இருக்கிறது. அது போய்விடுமே என்பது எனக்கு உண்மையான கவலை.

வெறும் இரும்பாக்கும் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஐப்பசியில் சாயங்காலம் தேய்த்துவிட்டுப் போனால் காலையில் தகடு முழுக்கக் காவி பூத்திருக்கும். வெயில் காலத்தில் எதிரி வியர்வை. தேய்த்த தகட்டைத் தொட்ட கையின் ரேகை, கோடு கோடாக, மறுநாள் துருவிலேயே பதிந்திருக்கும். மேலே பெயிண்ட் அடித்தாலும் அதே ரேகை பின்னால் கொப்புளமாக எழும். அதனால் கையுறை, அன்றன்றே எபாக்ஸி ப்ரைமர். பட்டி அதன் மேல்தான். வெறும் இரும்பில் பட்டி வைப்பது நம் ஊரில் பழகிப்போன முறை; ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை இரும்புக்குக் கொடுக்கும். நடுவில் எபாக்ஸி இருந்தால் அந்த ஈரம் அங்கேயே நின்றுவிடும். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து மாதக்கணக்கில் மூலையில் நிறுத்திய வண்டிகளில், ப்ரைமருக்கு அடியில் புதுத் துரு ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு நடுவில் வண்டிக்காரர் கேட்டார். "இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு வேற சேஸிஸ் ஒண்ணு தேடிப் போட்டுடலாமே மாஸ்டர்?" போட்டிருக்கலாம், ஆனால் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதியின்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்து 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விதி இல்லாவிட்டாலும் நான் அதையே சொல்லியிருப்பேன். அவருடைய அப்பா ஓட்டிய சேஸிஸ் அது. நடுக்கம்பங்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. கைகள் மட்டும்தான் புதிது.

பெயிண்ட் முடிந்த பிறகு செய்யும் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்புகளில் சீலர் இழுத்தோம். முன்கண்ணாடிக்குப் புது பீடிங். கதவின் அடி, கால் பள்ளம், டிக்கி என்று எல்லா வடிகால் துளைகளையும் கம்பி விட்டுத் திறந்தோம். ப்ரைமரும் சீலரும் அவற்றை அடைத்திருக்கும். பிறகு நீளக் குழாய் வைத்த கன்னால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மெழுகுக் கரைசலை அடித்தோம், துளை வழியாகச் சொட்டும்வரை. அடியில் தார் பூச மறுத்துவிட்டேன். தார் காய்ந்து வெடித்தபின் வெடிப்புக்குள் நுழைந்த தண்ணீர் வெளியே வராது, மேலே கறுப்பாக அழகாக இருப்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. கழிவு ஆயிலும் வேண்டாம். ரப்பர் புஷ்களைத் தின்றுவிடும்.

வாட்ச்மேனையும் கூப்பிட்டுப் பேசினேன். அவர் அத்தனை வருஷமும் அந்த வண்டியை அக்கறையாகத்தான் கழுவியிருக்கிறார். "அண்ணே, இனிமே ஈரத் துணிய நல்லாப் பிழிஞ்சு தொடைச்சாப் போதும், தண்ணி ஊத்தாதீங்க. கவரும் துணிக் கவர்தான், பிளாஸ்டிக் வேணாம்" என்றேன். வடிகால் துளைகள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து தை மாதம் வண்டி வந்தது. மேட்டைத் தூக்கினேன், காய்ந்திருந்தது. அடைப்பான்களைக் கழற்றி, போனில் மாட்டும் சின்னக் கேமராவை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விட்டுப் பார்த்தோம். இடது பின்பக்க அவுட்ரிகரின் மேல்மூலையில் மட்டும் மெழுகு வழிந்து இறங்கித் தகடு தெரிந்தது. துரு இன்னும் பிடிக்கவில்லை. அந்த மூலைக்கு எட்டுகிற மாதிரி குழாயின் நுனியை வளைத்து, மறுபடி அடித்து அனுப்பினேன்.